குடும்ப ஆலோசனையில் முதல் கேள்வி: இந்த வீடு எந்தப் பருவத்தில் இருக்கிறது?

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாவட்டங்களில் குடும்ப ஆலோசனை வழங்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

புகுந்த வீட்டில் பிரச்சினை என்று ஒரு பெண், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் அரசின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வருகிறார். சில வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து அவருடைய மாமியார், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கிறார். வீடு ஒன்று, கோப்பு இரண்டு. இரண்டு இடத்திலும் "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க" என்ற ஒரே அறிவுரைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. குடும்பம் புதுமணம், பிரசவம், முதுமை என்று எந்தப் பருவத்தில் இருக்கிறது எனத் தெரிந்துகொள்ளாமல் யாரும் அறிவுரை சொல்லத் தொடங்கக் கூடாது என்பதே குடும்ப சிகிச்சைத் துறையில் இருக்கும் எங்கள் கோரிக்கை.

அமெரிக்கக் குடும்பவியல் ஆய்வாளர் எவலின் டுவால் 1950களிலேயே குடும்ப வாழ்வை எட்டுக் கட்டங்களாக வகுத்தார். அந்த வரிசையில் பிள்ளைகள் வளர்ந்து வெளியேற, கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சுவார்கள். நம் ஊரில் பல வீடுகளில் மகன் வெளியேறுவதில்லை. மருமகள் உள்ளே வருகிறார். புதுமணம், கைக்குழந்தை, முதுமை மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. எனவே அந்த அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. யார் யாருக்கு எந்தக் கட்டம் என்று வீட்டுக்கு வீடு எழுதித்தான் பார்க்க வேண்டும்.

முதல் அமர்வுக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் தனியே பார்த்து, அடி, மிரட்டல், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் "அதெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வரும். வன்முறை இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டு அமர்வு வேண்டாம். அன்றைக்கு உள்ளே பேசியதற்கு இரவு வீட்டில் அடி விழும். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே தனித்தனியாக ஆலோசனை தர இடம் தருகிறது. அடித்ததற்கு எதிர்த்தரப்பு ஆலோசனையில் நியாயம் கற்பிக்க விடக்கூடாது என்று 2006ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. இதை ஆலோசனை அறையின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அடுத்து ஒரு ஏ3 தாளில் மூன்று தலைமுறைப் படம் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி, பகைக்கு நெளிகோடு. பிறப்பு, கல்யாணம், சாவு, வேலை போனது, வீடு மாறியது எல்லாவற்றுக்கும் ஆண்டு குறியுங்கள். மாமனாரின் சாவும் குழந்தையின் பிறப்பும் வீட்டுக் கடனும் ஒரே வருடத்தில் வந்து விழுந்தது பேச்சில் வெளிவராது, தாளில் தெரிந்துவிடும்.

அதிகம் தவறு நடப்பது பிரசவத்தை ஒட்டிய மாதங்களில். வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகிறார்; குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பி வர வேண்டும். வரவில்லை. "சேர்ந்து வாழ மறுக்கிறாள்" என்று புகார் வருகிறது, இரு வீட்டாரையும் கூப்பிட்டு சமரசம் பேசுகிறோம். அவர் பல வாரமாகத் தூங்கவில்லை, குழந்தையைத் தொடவே பயப்படுகிறார் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த நிலையில் முதலில் எடுக்க வேண்டியது, பிரசவத்தை ஒட்டி வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ கேள்விப்பட்டியல்: கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஆம்" என்ற பொருளில் பதில் வந்தால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பிரசவமான முதல் சில வாரங்களில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, எல்லோரையும் சந்தேகப்பட்டால் அது அவசர நிலை. பஞ்சாயத்து பேசும் நேரமில்லை. கணவரிடம் கேட்க வேண்டியதும் பெரிய வாக்குறுதிகள் இல்லை. இரவில் ஒரு வேளை குழந்தையை அவர் பார்த்துக்கொள்ள, அந்தப் பெண் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்க முடியுமா என்பதுதான்.

வளரிளம் பருவத்தினர் இருக்கும் வீட்டில் பிள்ளையைச் சாட்சியாக உட்கார வைக்காதீர்கள். "அம்மா சரியா, அப்பா சரியா" என்ற கேள்வியே காயம். தனியே பேசும்போது எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலியல் குற்றம் தெரிய வந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

முதியோர் மனுக்களில் வேறொரு சிக்கல். சட்டப்படி சமரச அலுவலர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதால் பேச்சு உடனே பணத்துக்கும் பத்திரத்துக்கும் போய்விடுகிறது. "என் வளையலை மருமகள் எடுத்துட்டா" என்று ஒரு பாட்டி திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். வைத்த இடம் மறந்துபோக, மனம் அதற்கு ஒரு திருடரைக் கண்டுபிடிக்கிறது. இரண்டையும் விசாரியுங்கள். சமரசத்துக்கு முன்பே நினைவாற்றல் சோதனை, காது, கண், தைராய்டு, பி12 பார்க்க அனுப்புங்கள். முதுமை மனச்சோர்வும் மறதி போலவே தோன்றும். நோய் உறுதியானால், பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது: "திருட்டுப் பட்டம் நோயால் வருகிறது, வாதம் செய்யாமல் சேர்ந்து தேடுங்கள்." மாதத்தில் சில நாட்களாவது அந்த வேலையை மகனோ மகளோ ஏற்கும்படி, பெயரும் தேதியும் போட்டு எழுதி வாங்குங்கள். தேதி போடாத ஒப்புதல் நிற்காது.

துறையிடம் நாங்கள் கேட்பவை செலவு பிடிக்காதவை. பதிவேட்டில் "சமரசம் ஆனது, ஆகவில்லை" என்று மட்டும் குறிப்பதை நிறுத்துங்கள். சேர்த்து வைத்த எண்ணிக்கையே வெற்றி என்றால், ஆபத்தான வீட்டுக்கே பெண்ணைத் திருப்பி அனுப்பும் நெருக்கடி ஆலோசகருக்கு வரும். அந்த இடத்தில் குடும்பப் பருவம், தனி அமர்வு நடந்த தேதி, பாதுகாப்பு நிலை, எங்கே பரிந்துரைத்தோம் என்ற நான்கு விவரங்களைச் சேருங்கள். ஒன்று, மூன்று, ஆறாம் மாதங்களில் தொலைபேசியில் விசாரித்து, பெண்ணிடம் தனியாகப் பேசி, குறித்து வையுங்கள். ஒவ்வொரு சகி மையத்திலும் மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் நேரடி எண்ணும், தொலைபேசியில் மனநல உதவி தரும் அரசுச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணும் மேசையில் இருக்கட்டும். ஒரு ஆலோசகர் ஒரு நாளில் புதிதாகப் பார்க்கும் குடும்பங்கள் மூன்றைத் தாண்டாதபடி உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப சிகிச்சைப் பணியாளர்கள்