பெட்ரோல் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் பொருத்திய சைக்கிளில் பெட்ரோல் மூடி ஒழுகினால், பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டு வெட்டி டேங்க் வாயில் போட்டு, அதன் மேல் மூடியை அழுத்தித் திருகிவிடலாம், சொட்டு நின்றுவிடும் என்று இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். சொட்டு நிற்கும், அதில் பொய்யில்லை. நானும் அதைச் செய்தவன்தான். செய்துவிட்டு, ஒன்றரைக் கட்டை (மைல்) தூரம் வேகாத வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் ரேலி சைக்கிள். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய காலத்தில் அவர் வேலைக் காட்டுக்கு ஓட்டிப் போனது. மூன்று வருடத்துக்கு முன் என் மருமகன் அதில் ஓர் இஞ்சின் மாட்டிக் கொடுத்தார். பெட்டியில் 80 சிசி என்று போட்டிருந்தது. உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 66 சிசிதான் வருகிறது. அது போகட்டும். பதிவு இல்லாத மோட்டார் வாகனத்தை, மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, சாலையில் இறக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து மண்பாதை, அதன் கோடியில் என் வாழைக் கொல்லை. தோட்டத்தில் கேட்டுக்கொண்டு அந்தப் பாதையில் ஓட்டுகிறேன், அவ்வளவுதான்.

டேங்க் 2 லிட்டர் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக் இஞ்சின் என்பதால் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி எண்ணெய் கலந்து ஊற்றுகிறேன். இந்தக் கலவை ஒழுகினால் பெட்ரோல் காற்றோடு போய்விடும், எண்ணெய் போகாது. மூடியைச் சுற்றிப் பச்சையாகப் பிசுபிசுத்து, செம்மண் புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் என் கண்ணில் பட்டது அந்தக் கறைதான். துணியால் துடைத்தேன், மறுநாளும் துடைத்தேன். பிறைத் தொழிற்பேட்டையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன் செய்கிற வேலையா இது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. குத்துவிளக்குக்குத் திரி போட்ட என் மனைவி, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "என்னங்க, ஏதோ வாடை அடிக்குதே?" சைக்கிள் முன் தாழ்வாரத்தில், சாமி அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. தரையோடு தவழ்ந்து வாசற்படி இடுக்கில் நுழையும். அன்று விளக்கை ஏற்றுவதற்குள் நான் சைக்கிளைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்விட்டேன். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயம்.

அன்றிரவே பிளாஸ்டிக் வைத்தியம் செய்தேன். கறை நின்றது, வாடையும் நின்றது. மறுநாள் கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, கால்மணி நேரம் ஓடியிருக்கும், இஞ்சின் விக்கி விக்கி நின்றுவிட்டது. மிதித்து கிளட்ச்சை விட்டேன், பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கினேன். இரண்டு சொட்டு வந்து நின்றது. டேங்கை ஆட்டினால் உள்ளே பெட்ரோல் களக் களக்கென்கிறது! குழாயில் அடைப்பு என்று முடிவு கட்டி வீடு வரை தள்ளினேன். வீட்டில் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் துண்டு கிண்ணம் போல உள்வாங்கிக் குழிந்திருந்தது. அடுத்த மிதிக்கு இஞ்சின் பிடித்துக்கொண்டது.

டேங்க் மூடியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பலரும் அதை ஓட்டை என்று நினைத்து அடைக்கிறார்கள். தேநீர்க் கடையில் பால் டின்னுக்கு எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று பால் இறங்க, மற்றது காற்று போக. இரண்டாவதை விரலால் பொத்தினால் பால் நின்றுவிடும். டேங்கிலும் அதே கதைதான். பெட்ரோல் கீழே இறங்கும் அளவுக்கு மேலே காற்று நுழைய வேண்டும். பிளாஸ்டிக் போட்டால் மூடியின் துளையும் சேர்ந்து அடைபடும்.

சரி, புது மூடி வாங்கிவிடலாம் என்று போனேன். ஒரு கடையில் வாங்கியது இரண்டு வாரத்தில் ஒழுகியது. திருப்பிக் கொண்டுபோனால் கடை முதலாளி தவுக்கே சிரித்துக்கொண்டே, "போச்சோர் சிக்கிட், தாக் அப்பா லா அங்கிள்" என்றார். கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லையாம். அவர் வீட்டில் யார் விளக்கு ஏற்றுகிறார்களோ தெரியவில்லை. வேறிடத்தில் வாங்கிய இரண்டாவது மூடியில் துளையே இல்லை. மூன்றாவதைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி பினாங்குத் தீவின் லோரோங் குளிட் பழைய சாமான் சந்தை வரை போனேன். மூடி கிடைக்கவில்லை, பித்தளையில் நல்ல வெற்றிலைப் பெட்டி ஒன்று கிடைத்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். மூடியையும் டேங்க் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மேலே ஏதாவது வெள்ளைப் பொடியைத் தூவிவிட்டு டேங்கை மெல்ல ஆட்டினால், ஈரம் எந்த வழியாக வருகிறதோ அங்கே கோடு விழும். கைக்கு எட்டியது விபூதித் தட்டு. எடுக்கப் போன கையை மனைவி பார்த்துவிட்டு, முகப்பவுடர் டப்பாவை நீட்டினார். பவுடரில் இரண்டு கோடு விழுந்தது. ஒன்று ரப்பர் வாஷருக்கு அடியிலிருந்து, இன்னொன்று காற்றுத் துளையிலிருந்து.

வாஷரைக் கழற்றினால், மழையில் நனைந்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. சைக்கிள் டியூபை வெட்டி மாற்றாகப் போட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசம். 38 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய வளையம் ஒரு ராத்திரி பெட்ரோலில் ஊறி 46 ஆகிவிட்டது. வெர்னியர் அளவுகோலில் இரண்டு தடவை அளந்தேன். டியூப் ரப்பர் தண்ணீருக்கும் காற்றுக்கும்தான், பெட்ரோலைக் கண்டால் குடித்து ஊதிவிடும். சாதாரண சிலிகோன் பசையும் அப்படித்தான். ஊதி, உரிந்து, துணுக்குகள் கீழே போய் பெட்ரோல் குழாயை அடைக்கும். நமக்கு வேண்டியது நைட்ரைல் ரப்பர். வைட்டான் என்பது இன்னும் உசத்தி, விலையும் உசத்தி. ஹார்ட்வேர் கடையில் 3 மில்லிமீட்டர் கனத்தில் நைட்ரைல் தகடு ஒன்று ஆறு வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஒரு துணுக்கைப் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் அளந்தால் கிட்டத்தட்ட அதே அளவு. அதற்குப் பிறகுதான் வளையம் வெட்டினேன்.

டேங்க் வாயின் விளிம்பில் வெல்டிங் முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, திறந்த வெளியில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, வாயில் துணி அடைத்து, கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர்க் காகிதத்தை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துக் கையால்தான் தேய்த்தேன். கிரைண்டரைக் கிட்டேயே கொண்டுபோகவில்லை. மூடியின் அடியில் இருக்கும் இரண்டு காதுகளும் தேய்ந்து தளர்ந்திருந்தன. குறட்டால் ஒரு மயிரிழை மேலே வளைத்ததும் திருகும்போது பிடிப்பு தெரிந்தது.

காற்றுத் துளைக்கு வேறு வேலை. என் மூடியில் மேல் தகட்டுத் துளையும் உள் தகட்டுத் துளையும் நேருக்கு நேர் இருந்தன. பாதை மேட்டில் குலுங்கினால் உள்ளிருந்து நேராக வெளியே பீய்ச்சும். நடுத் திருகைத் தளர்த்தி உள் தகட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தேன். காற்று சுற்றி வளைந்து போய்விடும், தெறிக்கும் பெட்ரோலுக்கு அந்த வழி கிடைக்காது.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் நண்பகலில் மறுபடி ஈரம். தப்பு என்னுடையது. காலையில் வாய் வரை ஊற்றிவிட்டு வெயிலில் நிறுத்தியிருந்தேன். பெட்ரோல் சூட்டுக்கு நன்றாகப் பெருகும். 20 டிகிரி ஏறினால் 2 லிட்டரில் சுமார் 40 மில்லி கூடும். நான் லிட்டருக்கு ஊற்றும் எண்ணெயின் அளவு அது! அந்த அளவுக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழே நிறுத்திவிடுகிறேன். பத்து மாதமாகப் பவுடர் போட்டுப் பார்த்தாலும் கோடு இல்லை. இருந்தாலும் சைக்கிள் இப்போது பின்பக்கக் கொட்டகையில்தான் நிற்கிறது. அது வீட்டுக்காரியின் உத்தரவு.

இந்த மூடிகளை விற்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாஷர் என்ன ரப்பர் என்று அட்டையில் ஒரு வார்த்தை போடுங்கள். துளை இல்லாத மூடியைத் திருப்பி அனுப்புங்கள், எங்கள் தலையில் கட்டாதீர்கள். பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கும் மூடியில் 50 காசு ரப்பரை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

பிளாஸ்டிக் யோசனை சொன்ன அந்த வாசகரின் மேல் எனக்குக் குறையில்லை. அவருடைய முகவரி உங்களிடம் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தோடு இரண்டு நைட்ரைல் வளையங்களை வைத்திருக்கிறேன், தயவுசெய்து அவருக்கு அனுப்பிவிடுங்கள். வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர். அவர் டேங்கின் வாய் சிறியதாக இருந்தால் கத்தரியால் ஓரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
நிபோங் திபால், பினாங்கு.