பெற்றோரின் செலவு: உடன்பிறந்தோர் முன்கூட்டியே பேசவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பெற்றோரின் செலவை யார் ஏற்பது என்று சிங்கப்பூரில் நம் வீடுகளில் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அது எப்படியோ ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. பெற்றோருடன் ஒரே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கும் மகளோ கடைசி மகனோ மருந்து, பலதுறை மருந்தகக் கட்டணம், தண்ணீர் மின்சாரக் கட்டணம், பணிப்பெண்ணின் சம்பளம் என அனைத்தையும் சுமக்க, மற்றவர்கள் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பதோடு நின்றுகொள்கிறார்கள். கசப்பு முற்றிய பிறகே சட்டத்தைப் பற்றி விசாரிக்கிறோம்.

நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் தனிநபர் மசோதாவாக முன்வைத்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. 60 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய, தம்மைப் போதிய அளவு பராமரித்துக்கொள்ள இயலாத தாயோ தந்தையோ அதன்கீழ் பிள்ளைகளிடம் மாதாந்தரத் தொகையோ மொத்தத் தொகையோ கோரலாம். விண்ணப்பித்தால் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சும் பெரியவர்கள் நம்மிடையே பலர். ஆனால், 2010இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், பெற்றோர் பராமரிப்பு ஆணையர் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் செய்ய முயல்கிறார். அது கைகூடாவிட்டால்தான் விவகாரம் நடுவர் மன்றத்துக்குச் செல்லும். அங்கும் வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது பங்கீட்டைத்தான். ஒரு பிள்ளைமீது மட்டும் விண்ணப்பம் வந்தால், அவர் தம் உடன்பிறந்தோரையும் அதில் சேர்க்கும்படி கோர இடமுண்டு. மன்றம் ஒவ்வொருவருடைய வருமானத்தையும், அவர் தம் மனைவி அல்லது கணவருக்கும் குழந்தைகளுக்கும் செய்யவேண்டிய செலவையும் கருத்தில்கொண்டே தொகையை நிர்ணயிக்கிறது. எல்லாரும் சமமாகக் கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மகன், மகள் என்ற வேறுபாடும் சட்டத்தில் இல்லை. ஆனால், கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுப் பணத்தில் கை வைக்கலாமா என்று கூசும் தாயார், மூத்த மகன் எதுவும் தராததையும் வெளியே சொல்லமாட்டார். அந்தத் தயக்கத்தின் பாரம் முழுவதும், உடன் இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளையின்மேல் இறங்குகிறது. குடும்ப மானம் என்று சொல்லி இதை மூடி வைப்பது அந்தப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி என்பதே என் கருத்து.

பிள்ளைகளைக் கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய பெற்றோர் முன் அனுமதி பெற்றே விண்ணப்பிக்க முடியும் என 2023இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தையும் வரவேற்கிறேன்.

மாதந்தோறும் ரொக்கம் தர இயலாத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. ஓய்வுக்காலச் சேமிப்புக் குறைவாக உள்ள, தகுதிபெறும் மூத்தோரின் மத்திய சேமநிதிக் கணக்கை நிரப்பினால், 2025 முதல் ஆண்டுக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அரசாங்கம் அதே அளவு தொகையைச் சேர்க்கிறது. அப்படி நிரப்பும் தொகையை உடன்பிறந்தோர் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம்.

சமரசத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, என்னென்ன ஆவணங்கள் தேவை என்பனவற்றைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் ஒரு முழுப் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன். கோயில்களும் சமூக அமைப்புகளும் மூத்தோருக்காக நடத்தும் நிகழ்ச்சிகளில் அப்பக்கத்தை அச்சிட்டு வழங்கினால், ஆங்கிலம் படிக்காத பெற்றோர் பிள்ளைகளின் துணையின்றியே அதைத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்