குப்பியோடு கல்லையும் பாருங்கள்: நீர்த்தர ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆற்று நீரின் தரம் பார்க்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் குப்பியில் தண்ணீர் மொள்ளும்போது, காலடியில் கிடக்கும் கல்லையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிஓடி (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), கரைந்த ஆக்சிஜன் எல்லாம் வேண்டியவைதான். ஆனால் குப்பி, மொண்ட நேரத்துத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும். ராத்திரி திறந்துவிட்ட கழிவு விடிவதற்குள் கடந்து போயிருக்கும். கல்லடியில் வாரக்கணக்கில் குடியிருக்கும் பூச்சி அதை அனுபவித்தாக வேண்டும்.

வேகமாக ஓடும் நீரில் கல்லைத் தூக்கினால், சேறு ஒட்டிய சிலந்திவலை போல ஒன்று பிசுபிசுவென்று தொங்கும். வலைபின்னும் கேடிஸ் ஈயின் புழு கட்டியது அது; புழுப் பருவத்தை நீரில் கழித்து, வளர்ந்தபின் பறந்து போகும் பூச்சி இது. நீருக்குள் இருக்கும்போது வலை விறைப்பாக நின்று, வருகிற பாசித் துணுக்கையும் சிறு பூச்சியையும் வடிகட்டும். பக்கத்திலேயே சிறு மணலை ஒட்டிக் கட்டிய மறைவிடம். புழுவின் நெஞ்சின் மூன்று கண்டங்களிலும் மேலே கெட்டியான தகடு, வயிற்றடியில் கிளை கிளையாகச் செவுள், வால் நுனியில் இரண்டு கொக்கி. ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

இங்கேதான் ஒரு சிக்கல். கேடிஸ் என்றாலே சுத்தமான தண்ணீர் என்று எழுதிவிடக் கூடாது. பிரிட்டனின் பிஎம்டபிள்யூபி என்பது நீர்ப்பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண் போடும் முறை; மாசைத் தாங்காத குடும்பத்துக்கு மதிப்பெண் அதிகம். அதில் சில கேடிஸ் குடும்பங்களுக்கு 10 மதிப்பெண். ஹைட்ராப்சைக்கிடே என்ற இந்தக் குடும்பத்துக்கு 5தான். ஓரளவு கழிவு கலந்தால் இவற்றுக்குத் தீனி கூடும், எண்ணிக்கையும் ஏறும். அணைக்குக் கீழேயும் அப்படித்தான், நீர்த்தேக்கத்து மிதவை உயிர்கள் வலைக்கு வந்து சேரும். ஆகவே இந்தப் புழு மட்டும் மொய்த்து, மாசை எளிதில் தாங்காத கல் ஈ, மே ஈ ஆகிய நீர்ப்பூச்சிகள் காணாமல் போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

எண்ணிக்கையோடு நிற்கவும் வேண்டாம். நச்சு கலந்த நீரில் வலைக்கண்கள் ஒழுங்கு தவறிக் கோணலாகும். உலோகக் கழிவில் செவுள் கறுத்துப்போகும். புழு சாகும் முன்பே இவை தெரியும். இதற்குக் கைலென்ஸும் வெள்ளைத் தட்டும் போதாது, சாதாரண நுண்ணோக்கி ஒன்று வேண்டும்.

உயிரிகளை வைத்து நீரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கும் அளவுகோல் மத்திய வாரியத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படிவத்தில் இந்தக் குடும்பத்துக்குத் தனிக் கட்டம் போடுங்கள், மற்ற கேடிஸோடு சேர்த்து எண்ண வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே ஓர் இடம், ஊர்களைத் தாண்டிக் கீழே ஓர் இடம், முதல் வருஷத்துக்கு அது போதும். ஆனால் இரண்டும் கல்லும் வேகமும் உள்ள இடமாக இருக்கட்டும். மணற்படுகையில் இந்தப் புழு இல்லையென்றால் அதற்கு மாசு காரணமில்லை, பற்றிக்கொள்ளக் கல் இல்லை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் கற்களை உருட்டிவிட்டுப் போன கையோடும் எண்ணாதீர்கள். பிப்ரவரி, மார்ச் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைவாசி ஒருவன்