அறுவைக்கு முன்பே தொடங்கட்டும் பயிற்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் ரத்தப் பரிசோதனை, இசிஜி என்று எல்லாம் நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் மட்டும் பல இடங்களில் அறுவைக்குப் பிறகே எட்டிப் பார்க்கிறார். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தவரின் முன்தொடைத் தசை ஏற்கெனவே மெலிந்திருக்கும். அறுவை அதை இன்னும் தளர்த்தும். சில வாரங்கள் முன்பே, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, காலை மடக்காமல் தூக்கி 5 நொடி நிறுத்துவது, வாக்கர் பிடித்து நடப்பது எல்லாம் பழகிவிட்டால் தொடக்க நாட்கள் எளிதாகும். ஓராண்டு கழித்துப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பார்கள். சரி, ஆனால் கழிவறைக்குப் போக ஆள் தேடுவது முதல் வாரத்தில்தானே? வீடியோ பார்த்துத் தானாகச் செய்வது போதாது; தேய்ந்த மூட்டை எவ்வளவு மடக்கலாம் என்று அருகிலிருந்து சொல்ல ஒருவர் வேண்டும். அறுவைத் தேதியோடு பயிற்சித் தேதியையும் மருத்துவமனைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

– ஒரு வாசகர்