மே 17 மாலை, கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டு முன்னால்

எல்லோருக்கும் வணக்கம். மே 17 மாலை 5 மணிக்குக் கூடுகிறோம். 1990-இல் அதே நாளில்தான் உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தாச்சு.

"நமக்குத்தான் தன்பால் உறவு குற்றமில்லை என்று 2018-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். தன்பால் உறவைக் குற்றமாக்கி 1860-இல் வெள்ளைக்காரன் இங்கே எழுதி வைத்த சட்டப்பிரிவு 377-இன் பங்காளிகள் இலங்கையில் 365ஏ என்றும் மலேசியாவில் 377ஏ என்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு இடத்திலும் நம் ஆட்கள் வாழ்கிறார்கள். உகாண்டாவில் 2023-இல் வந்த சட்டம் மரண தண்டனை வரை போகிறது. மனமொத்த இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்குச் சிறையா? அநியாயம். அதை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அட்டைகள் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். பெயிண்டில் பெரிதாக எழுதுங்கள், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

அப்புறம், இது கட்டாயம்: கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். குவைத்துக்கும் கத்தாருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் நம்மோடு நிற்பார்கள். அங்கே ஆண்களுக்கிடையிலான உறவுக்கு 7 ஆண்டு வரை சிறை. முகம் தெரியாமல் நிற்க விரும்புகிறவர்களுக்கு அட்டையைச் சற்று உயர்த்திப் பிடிக்க இடம் விடுங்கள்.

பெயிண்டு, பிரஷ் வைத்திருப்பவர்கள் இன்றிரவே குழுவில் சொல்லிவிடுங்கள்.