வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்பம், குடியிருப்பு, பள்ளிப் பெற்றோர் என்று வாட்ஸ்அப் குழுக்களை நடத்திவரும் அட்மின்களுக்கு,

வணக்கம். “நாளை ‘மார்ட்டினெல்லி’ என்று ஒரு வீடியோ வரும், திறக்காதீர்கள், போனை ஹேக் செய்துவிடும், எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்ற செய்தி உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். அப்படி ஒரு வீடியோவே கிடையாது. அது புரளி என்று ஸ்பெயின் போலீஸ் 2017-லேயே சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் அதே செய்தி அர்ஜென்டினா பெயரைச் சூட்டிக்கொண்டு மறுபடி வந்தது. 1994-ல் ‘குட் டைம்ஸ்’ என்ற தலைப்புள்ள மின்னஞ்சலைப் படித்தாலே ஹார்டு டிஸ்க் அழிந்துவிடும் என்று ஊர் ஊராக எச்சரிக்கை பறந்தது. அப்போதும் பரவியது எச்சரிக்கை மட்டும்தான்.

அனுப்பி வைத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2002-ல், கரடிப் பொம்மை ஐகானோடு ஒரு ஃபைல் உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், உடனே அழியுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் சுற்றியது. தேடியவர்களுக்கு அந்த ஃபைல் கிடைக்கவும் செய்தது, ஏனென்றால் அது விண்டோஸுக்கே சொந்தமான ஃபைல். பயந்துபோய்த் தங்கள் கையாலேயே அழித்தார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம், பயப்பட வேண்டிய இடம் மாறிப்போவது. இல்லாத வீடியோவுக்கு அஞ்சுகிறவர், கல்யாண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே ஃபைலைத் தயங்காமல் தொடுகிறார். அழைப்பிதழ் படமாக வரலாம், பிடிஎஃப் ஆக வரலாம். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருந்தால் அது ஒரு ஆப். அது போனில் வந்து கிடப்பதால் மட்டும் எதுவும் ஆகிவிடாது. இன்ஸ்டால் கொடுத்து, எஸ்எம்எஸ் படிக்க அனுமதியும் கொடுத்தபின்தான் வங்கி ஓடிபி திருடர் கைக்குப் போகிறது.

“மாமா நம்பரிலிருந்துதானே வந்தது” என்ற நம்பிக்கைதான் இதில் ஆளைக் கவிழ்க்கிறது. மாமாவின் போன் ஏற்கெனவே திருடர் பிடிக்குப் போயிருந்தால், அவர் பெயரிலேயே அடுத்தவர்களுக்கும் போகும். 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் இப்படித்தான் உலகைச் சுற்றியது. முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. காதல் கடிதம் போலத் தெரிந்த அந்த ஃபைலின் உண்மையான பின்னொட்டை விண்டோஸ் மறைத்துக் காட்டியதும் அதற்குச் சாதகமாகிப் போனது.

சரி, எதையும் தொடாமல் இருந்தால் போதுமா? போதாது. 2017 மே 12 அன்று பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவைப்படவில்லை. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பை எடுக்காவிட்டாலும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போனுக்குள் வந்துவிடும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது உண்மை. அது குறிப்பிட்ட சிலரைக் குறிவைத்து நடந்தது. அதை மூடியதும் அப்டேட்தான். ஃபார்வர்டு எந்த ஓட்டையையும் மூடியதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். “எல்லோருக்கும் அனுப்புங்கள்” என்று முடியும் வைரஸ் எச்சரிக்கை வந்தால் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அனுப்பியவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார், அவரைக் குத்திக்காட்ட வேண்டாம். ஏபிகே ஃபைல் வந்தால் உடனே நீக்குங்கள், அப்புறம் அனுப்பியவரை வாட்ஸ்அப்பில் அல்லாமல் நேரடியாகப் போன் செய்து கூப்பிட்டு விசாரியுங்கள். யாராவது இன்ஸ்டால் செய்துவிட்டால், இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் பேசச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், அதனால் அந்த எண்ணை இன்றே குழுவின் விவரப் பகுதியில் எழுதி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு குழுவில் இருக்கும் வாசகர்