பணம் இல்லை என்று சொன்னது பொய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். 'நீங்கள் பார்த்ததிலேயே மனதை ரொம்பவும் நொறுக்கிய படம் எது அப்பா?' என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா குறுக்கே புகுந்து 'மூன்றாம் பிறை' என்று சொல்லிவிட்டாள். 1982-இல் பார்த்த படம். கேத்தி ஸ்டேஷனில் கொட்டும் மழையில் கமல் குரங்கு சேஷ்டை எல்லாம் செய்து காட்டுவதையும், ஸ்ரீதேவி அடையாளம் தெரியாமல் ரயிலில் போய்விடுவதையும் இப்போது சொன்னாலும் அவளுக்குக் கண் கலங்கும். எனக்கு அப்படி இல்லை. அந்தப் பெண் குணமாகி, பெற்றவர்களோடு வீட்டுக்குத்தானே போகிறாள்? அவளைப் பெற்றவன் இடத்தில் நின்று பார்த்தால் அது நல்ல முடிவு. இதை உரக்கச் சொன்னால் எனக்கு இரண்டு நாள் காபி கிடைக்காது.

நீ பார்த்துவிட்டுச் சாப்பிட முடியாமல் கிடந்ததாகச் சொன்ன ஜப்பான் படத்தை, 'மின்மினிகளின் கல்லறை'யை, நானும் பார்த்தேன். கார்ட்டூன்தானே என்று உட்கார்ந்தது என் தப்பு. 1945-இல் கோபே நகரத்தின் மேல் குண்டு மழை. தாயைப் பறிகொடுத்த அண்ணனும் நாலு வயதுத் தங்கையும். மிட்டாய் தீர்ந்துபோன தகர டப்பாவில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கிறான். அந்தக் கடைசி இனிப்பை அவள் எப்படிக் குடிக்கிறாள், பார்த்தாயா? பிறகு ஒருநாள் மிட்டாய் என்று நினைத்துக் கோலிக்குண்டை வாயில் போட்டுச் சப்புகிறாள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றேன்.

அந்தக் கதையை 1967-இல் எழுதிய அகியுகி நோசகாவைப் பற்றிப் பிறகு படித்தேன். போர்க்காலத்தில் அவருடைய தங்கை பட்டினியால் இறந்திருக்கிறாள். கதையில் வரும் அண்ணனைப் போல நான் நல்லவனாக இருக்கவில்லை, அவளுக்கு உரியதையும் நானே தின்றேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இத்தனை வருடம் கழித்து ஒரு தங்கையிடம் கேட்ட மன்னிப்புதான் அந்தக் கதை. அதைப் படித்த மறுநாள்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன் கேள்விக்கு என் பதில் 'மகாநதி'.

1994 பொங்கலுக்கு வந்தது. மாட்டுப்பொங்கல் அன்று மாலைக் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். உனக்கு ஆறு வயது. பாதிப் படம் என் மடியில் தூங்கினாய். கும்பகோணத்துப் பக்கம், திருநாகேஸ்வரத்தில் நிலபுலனோடு நிம்மதியாக வாழ்ந்த மனிதன், பட்டணத்துச் சீட்டுக் கம்பெனிக்காரனை நம்பி ஜெயிலுக்குப் போகிறான். வெளியே வரும்போது பிள்ளைகள் இரண்டும் காணாமல் போயிருக்கின்றன. மகனைக் கழைக்கூத்தாடிகளிடம் கண்டுபிடிக்கிறான். மகள் காவேரியை கல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில். அதைக்கூட ஒருமாதிரி தாங்கிக்கொண்டேன். மீட்டுக்கொண்டு வந்த பிறகு ஒரு ராத்திரி, தூக்கத்தில் அந்தக் குழந்தை உளறுகிறது. எந்தக் குழந்தைக்கும் தெரிந்திருக்கக் கூடாத பேச்சு. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறான். தியேட்டரில் ஒரு விசில் இல்லை, ஒரு இருமல் இல்லை.

வீட்டுக்கு வந்த பஸ்ஸில் உன் கையை எப்படிப் பிடித்திருந்தேனோ, பொங்கலுக்கு வாங்கிய கண்ணாடி வளையலில் இரண்டு உடைந்துவிட்டன. கூட்டத்தில் நசுங்கியது என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று ராத்திரி நீயும் தூக்கத்தில் உளறினாய். பலப்பத்தைத் திருப்பிக் கேட்டு யாரோடோ சண்டை. அவ்வளவுதான். நான் விடியும்வரை படுக்கவில்லை.

அடுத்த மாதமே கட்டிக்கொண்டிருந்த சீட்டை நிறுத்தினேன். பின்னால் அங்கங்கே நிதி நிறுவனங்கள் மூடிக்கொண்டு ஓடியபோது என்னைத் தீர்க்கதரிசி என்று தெருவே பாராட்டியது. சினிமா பார்த்துப் பயந்தவன் என்று யாருக்குத் தெரியும்?

சீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் மைசூர் சுற்றுலாவுக்கு நானூற்றைம்பது ரூபாய் கேட்டாய், நினைவிருக்கிறதா? பணம் இல்லை என்றேன். நீ அழவில்லை. 'பரவாயில்லை அப்பா' என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாய். பணம் பீரோவில் இருந்தது. அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில், எண்ணூறு ரூபாய். உன்னை அவ்வளவு தூரம், நான் இல்லாத ஊருக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. அதன்பிறகு நீயாக எதற்கும் பணம் கேட்டதில்லை. நம் வீட்டின் ஏழ்மையைப் பற்றி நீ கல்லூரியில் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரையில் அந்த மைசூரும் வந்தது. மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டினேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் கமல் ஒரு பேட்டியில் சொன்னார்: அவர் வீட்டில் வேலை பார்த்தவர்களே அவருடைய மகளைக் கடத்தத் திட்டம் போட்டார்களாம், தற்செயலாகத் தெரியவந்ததாம். அந்தப் பயத்திலிருந்துதான் 'மகாநதி'யை எழுதினாராம். அவர் பயத்தைப் படமாக எடுத்து இறக்கி வைத்துவிட்டார். டிக்கெட் வாங்கிப் போன நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து உன் தலையில் வைத்தேன். இன்றுவரை அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கவில்லை. டி.வி.யில் வந்தால் ரிமோட்டைத் தேடுவேன். பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு உன் அம்மா சிரித்தது உண்டு. காரணம் அவளுக்கும் தெரியாது.

பேத்திக்குட்டி பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாளாமே. நீ யோசிப்பதாக அம்மா சொன்னாள். இதோடு மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். உன் கணக்கில் போடத் தெரியாமல் இல்லை, அவள் பெயரில் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும் என்றுதான். அனுப்பிவிடு.

பஸ் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு எனக்கு அனுப்பு. கூடப் போகும் டீச்சரின் போன் நம்பரும்.

அன்புடன்,
அப்பா